பூனைக்குட்டியாக நீயே வந்துவிடு, அக்கா

என் மதிப்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவுடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானின் குறட்டை எந்த மட்டில் இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் முடிவதற்குள் அது பொய்யாகிவிடக்கூடும் என்பதால் எழுதவில்லை. நேற்று போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் "போடா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறவர்கள்கூடப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள் என்ற தைரியத்தில் கூரியரில் அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வதால் என் பக்கத்தையும் எழுத்தில் வைத்துவிடுகிறேன். அந்த டிவி சீரியலில் சிறுமி வேஷத்துக்குத் தேர்வானவள் நீதான், அதை நான் மறுக்கவேயில்லை. உன் அளவுக்குச் சிவப்புக் கவுனும் தைத்தாகிவிட்டது. படப்பிடிப்பு அன்றைக்குக் காலையில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, முகம் இரண்டு பக்கமும் பன் மாதிரி உப்பிப் போனது என் குற்றமா? அப்பா உன் முகத்தைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார், மூலையில் மூக்கை நோண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "இவனுக்கும் சரியாத்தான் இருக்கும், போட்டுப் பாப்போம்" என்றாள் அம்மா. கலையுலகில் என் திறமையை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அக்கா, இடுப்பளவைத்தான் கண்டுபிடித்தார்கள். நான் பையன் என்பது டைரக்டருக்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சுவரோரமாகப் போய் நின்றபோதுதான் தெரிந்தது. அதற்குள் பாதிக் காட்சிகளை எடுத்துவிட்டிருந்ததால், அவர் ஒரு பெருமூச்சு விட்டு, இருந்த அத்தனை பேரிடமும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் நான் நாடே கொஞ்சிய 'பூனைக்குட்டி'. ரெட்டைப் பின்னல் விக், இரவல் குரல், உன் கவுன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரன் கட்டினால் பூனைக்குட்டியைத்தான் கட்டுவேன் என்று என்னிடமே வந்து சொன்னான்; நல்லா யோசிச்சுக்கோ என்று மட்டும் சொன்னேன். கடைசியில் என் மேலுதட்டில் நிழல் விழுந்தது. மேக்கப் போடுகிற அம்மாள் பவுடரை அப்பி அப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். கதாசிரியர் உடனே பூனைக்குட்டியை மேல்படிப்புக்கு வெளிநாடு அனுப்பிவிட்டார். ஐந்தாங்கிளாஸ் பிள்ளைக்கு என்ன மேல்படிப்பு என்று ஒரு நேயர்கூடக் கேட்கவில்லை. அப்புறம் நான் பையன் வேஷம் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் ஏற இறங்கப் பார்த்து, "ஆள் நல்லாத்தான் இருக்கான், ஆனா பையன் மாதிரி இல்லையே" என்றார்கள். ஒரு ஷாம்பு விளம்பரத்தில் என் பின்னந்தலை மட்டும் நடித்தது. அத்தோடு பதினாறு வயதில் ஓய்வு பெற்று, முளைத்த மீசையைத் தண்ணீர் ஊற்றாத குறையாக வளர்த்து, இன்றைக்குக் குளியலறைச் சாமான் கடையில் மேனேஜராக, வாஷ்பேசின்களுக்கு நடுவே அதிகாரத்தோடு நடமாடுகிறேன்.

இதை என் மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கல்யாணத்துக்கு முன்னால் முதல்முதலாக நாங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசியபோது அவள் சொன்ன முதல் வாக்கியமே, "சின்ன வயசுல பூனைக்குட்டி மாதிரி ஒரு தங்கச்சி வேணும்னு அம்மாகிட்ட அடம் பிடிச்சிருக்கேன்" என்பதுதான். தங்கச்சி கேட்டவளிடம் போய் நான்தான் அது, இப்போது புருஷனாக வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சரி, கல்யாணம் முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கல்யாணத்தோடு மாமியாரும் வந்து சேர்ந்தார். அவர் ஒரு பழைய பத்திரிகையில் வந்த பூனைக்குட்டி படத்தை வெட்டி மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். கண்ணாடியை எடுக்கிறபோதெல்லாம் உள்ளிருந்து நான் சிரிக்கிறேன். "அந்தப் பொண்ணோட நடையே தனி. இப்ப வர்றதுங்களுக்கு நடக்கவே தெரியல" என்பார். அந்த மாதிரி நேரங்களில் நான் சோபாவை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன வாரம் கடைக்கு ஒரு டிவிக்காரப் பெண் வந்தாள். பழைய சீரியல்களின் குழந்தை நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றும் நிகழ்ச்சியாம். அந்த மேக்கப் அம்மாள்தான் நம் குடும்பத்தின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறாள், நல்லவேளையாக மற்றதைச் சொல்லவில்லை. நான் ஒரு தம்பதிக்குக் கமோடின் மூடி சத்தமில்லாமல் இறங்குவதை விளக்கிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் என் ஊழியர்கள். "சார், உங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தங்க பூனைக்குட்டியா நடிச்சாங்களாமே?" என்று அவள் கேட்டதும் கடையே திரும்பிப் பார்த்தது, கமோடு தம்பதிகூட. என் வாய் என்னைக் கேட்காமல், "எங்க அக்கா" என்றது.

"இப்ப எங்க சார் இருக்காங்க?"

"வெளிநாட்டுல."

"அட, இன்னும் மேல்படிப்பு முடியலையா!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மேனேஜர் இல்லையா.

எங்கள் கேஷியர் அம்மாளுக்கு ஒரு சேதி தெரிந்தால் அது கல்லாவில் தங்காது. நான் வீட்டுக்குப் போவதற்குள் என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "இத்தனை வருஷமா என் நாத்தனார்தான் பூனைக்குட்டின்னு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கீங்களே, என்ன ஆம்பள நீங்க?" என்றாள். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல அந்த நேரத்தில் எனக்குத் தெம்பில்லை. போன தடவை நீ வந்தபோது அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய ஜன்னல் திரையை ஆஸ்பத்திரித் திரை என்று சொன்னாயே, அதிலிருந்து உன் பெயரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது உன் போட்டோ ஹாலில், என் போட்டோ இருந்த இடத்தில். "கலைஞர்களுக்குக் கொஞ்சம் முன்கோபம் இருக்கத்தாம்மா செய்யும்" என்று அவளே தன் அம்மாவிடம் சொல்கிறாள். மாமியாரோ, "நான் அப்பவே நெனச்சேன், அந்த மூக்கு" என்கிறார். உன் மூக்கை அவர் இதற்கு முன் வர்ணித்த விதம் வேறு. அது இப்போது வேண்டாம்.

ஆகவே அக்கா, மாதக் கடைசியில் பதிவு, டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள், நீ வந்து பூனைக்குட்டியாக உட்கார்ந்துவிட்டுப் போ. 'எனக்கு வரவேண்டிய வேஷத்தை நீ பிடுங்கிக்கிட்டேடா' என்று நம் வீட்டில் எந்த விசேஷத்திலும் நீ சொல்லத் தவறியதில்லையே, இதோ திருப்பித் தருகிறேன், எடுத்துக்கொள். நீ வராவிட்டால் அவர்கள் தோண்டுவார்கள், தோண்டினால் நான் கிடைப்பேன். கடையில் ஒருத்தனும் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டான், சிரிப்பை அடக்கக் குனிந்துகொள்வான். வீட்டு நிலைமை இன்னும் மோசம். ஆறு வயதிலிருந்து என் மனைவி நேசித்த ஒரே பிறவியை நான் கொன்ற மாதிரி ஆகும். அப்புறம் என்னை அவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்? சில குறிப்புகள் மட்டும் தருகிறேன். நடக்கும்போது குதிகாலைத் தரையில் வைக்காதே. யாராவது கூப்பிட்டால் முதலில் கண் போகவேண்டும், கழுத்து பிறகுதான். கேமரா எங்கே என்று தேடாதே, அது உன்னைத் தேடும். நீ இப்போது நடப்பது மாதிரி நடந்தால் காரியம் கெட்டுவிடும். அது பூனை நடையில்லை, கோபித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் நடை. கண்ணாடி முன்னால் தினம் பழகு. சரியாக வராது, பரவாயில்லை, அந்த மாதிரி யாருக்கும் வராது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிடாதே. உன் கோபம் நீங்கி, கால் வலியும் நீங்கி, விமானத்தில் ஜன்னலோரம் கிடைக்க வாழ்த்தி,

உன் தம்பி, மீசையுடன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டிவிக்காரப் பெண்ணே போன் செய்தாள். நீ வர வேண்டியதில்லையாம். உண்மையான பூனைக்குட்டி தானாகவே வந்து, மாதக் கடைசிக்குக் காத்திராமல் பதிவும் முடிந்துவிட்டதாம். "எதுக்கு சார் உங்க அக்காவை இழுத்தீங்க?" என்று வேறு கேட்டாள். பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் முன்னோட்டம் போட்டார்கள். அது நீ இல்லை, எனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். யாரோ ஒரு அம்மாள், நல்ல லட்சணமாகத்தான் இருந்தாள். "ரயில் கிளம்பிப் போற சீன்ல எனக்கு அழுகையே வரல. டைரக்டர் ஓங்கி ஒரு அறை விட்டாரு, அப்புறம்தான் வந்துச்சு" என்றாள். மாமியார் உச்சுக் கொட்டினார். அக்கா, அந்த மனுஷர் என்னை ஒரு தட்டு தட்டியதில்லை. அழு என்பார், அழுவேன். போதும் என்பார், நிறுத்துவேன். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அவ புளுகுறா. அது நான்" என்றேன். மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "செத்த சும்மா இருங்க, பாவம், கண் கலங்குறா" என்றாள். வேறு வழி தெரியாமல் நானும் அழுதேன். போகிற ரயிலைப் பார்க்கிற மாதிரி சமையலறைப் பக்கம் பார்த்து, முதலில் கீழுதடு, அப்புறம் மோவாய், கடைசியில் இரண்டு கண்ணிலிருந்தும் ஒரே நேரத்தில். மனைவி ஒரு தடவை டிவியைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தாள். இதுவரை எனக்கு 'ங்க' போடாமல் பேசியறியாத மாமியார் மெல்ல எழுந்து வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அடிப்பாவி, இத்தனை நாளா இங்கயேவாடி இருந்தே?" என்றார்.