ஜிப் மாட்டிய படலம்

ஞாலம் தோன்றிய நாள் தொட்டு இன்று காலை ஏழரை வரை, பெற்ற மகளை அயல்நாட்டுப் பள்ளி வாயிலில் முதன்முதலாக விட்டுவிட்டுக் கண்ணிமை நனையாமலும் கழுத்துத் திரும்பாமலும் மீளும் வல்லமை ஒரே ஒரு தந்தைக்குத்தான் வாய்த்திருந்தது. அவரே நம் தலைவர்.

வாழ்க அவர்! விண்முட்டும் கட்டடங்களின் வயிற்றில் பாதிவழியில் சண்டித்தனம் செய்து நிற்கும் லிஃப்டுகளை ஒற்றை ஸ்பேனரால் அதட்டி நகர்த்தும் மெக்கானிக். நாற்பதாம் மாடிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விடும் கல்நெஞ்சர். கடல் கடந்து வந்து ஏழு மாதமாகியும் 'குல்லா போட மாட்டேன்' என்று குளிரில் காது சிவக்க நடக்கும் மானமறவர்!

அம்மறவர் வேலைக்குச் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் ஒரு காட்சி கண்டு நகைப்பதுண்டு. மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போய், வாயில் சாத்திய பின்னும் பள்ளியின் கம்பிவேலியை விட்டகலாமல், எம்பி எம்பி எட்டிப் பார்க்கும் தாய் தந்தையர் கூட்டம். அவர்களுக்குக் 'கம்பிவேலிக் கொக்குகள்' என்று திருநாமம் சூட்டியவரும் அவரே. நேற்றுச் சாப்பிட்டு முடித்து, எச்சில் கை காயக் காய அவர் முழங்கினார்:

"விட்டமா, வந்தமான்னு இருக்கணும். கொக்கு மாதிரி நிக்கிற பழக்கம்லாம் நம்ம பரம்பரையிலேயே கிடையாது!"

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகவேண்டிய அவர் மனைவி, "பாக்கத்தானே போறோம்," என்றாள், பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல். "அந்த ஒரு வரிய மட்டும் மறக்காம சொல்லச் சொல்லுங்க. முதல் நாளே நனைச்சுக்கிட்டா, அப்புறம் ஸ்கூல் பக்கமே போகமாட்டா."

அந்த ஒரு வரி! ஐந்து வயது மகளுக்கு அந்நாட்டு மொழியில் ஒரு மாதமாய் உருவேற்றப்பட்ட ஒரே அத்திரம்: 'டீச்சர், நான் பாத்ரூம் போகணும்.' வணக்கம் சொல்லத் தெரியாது. பெயர் சொல்லத் தெரியாது. பசி, தாகம், வலி எதற்கும் சொல் இல்லை. இருக்கும் ஒற்றை அத்திரத்தையும் அவள் வேற்று மனிதர்முன் இதுவரை எய்ததில்லை. விருந்தினர் வந்தாலே சோபாவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

இனிக் கவசம் பாடுவோம். 'வளர்ற பிள்ளைதானே' என்னும் பழந்தமிழ் மந்திரம் ஓதி, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிய நீலநிறக் குளிர்க்கோட்டு அது. அவள் கைகளை முழுசாய் விழுங்கி, அதற்கும் கீழே ஒரு சாண் தொங்கும் கையினது. கணுக்காலோடு உறவு கொண்டாடும் விளிம்பினது. தொலைவிலிருந்து காண்போர்க்கு ஆளில்லாத கோட்டு ஒன்று தானாகவே பள்ளிக்கு நடந்து வருவதாய்த் தோன்றச் செய்வது.

பள்ளி வாயில். மணியடிக்க ஆறே நிமிடம். அப்போது கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அப்பா... அவசரமா வருதுப்பா."

"இப்பவா? வீட்டுல கேட்டப்ப இல்லைன்னியே!"

"அப்ப வரல."

தலைவர் மண்டியிட்டார், ஜிப்பைப் பற்றினார், இழுத்தார். அதுவோ இரண்டு விரற்கடை இறங்கி, உள்துணியைக் கவ்விப் பற்கடித்து நின்றது. மூண்டது பெரும்போர்! மேலே தள்ளினார், மத்தகத்தில் குத்துண்டும் நகராத களிறுபோல் அசையாது நின்றது. கீழே இழுத்தார், கொண்ட இரையை விடாத முதலைபோல் இறுகியது. வலக்கையால் திருகி, இடக்கையால் நெம்பி, முடிவில் பல்லாலும் கடித்து அவர் சுழன்று சுழன்று பொருதபோது, நெற்றி வியர்த்தது, ஸ்பேனருக்காகக் கை வெறும் இடுப்பைத் துழாவியது.

"நாப்பது மாடி லிஃப்டையே இறக்கினவன் நான்! ஒரு கோட்டு ஜிப்பு, நீ எம்மாத்திரம்?"

"அப்பா, ஜிப்புகிட்ட அப்புறம் சண்டை போடுப்பா," என்றது கோட்டு, கால்மாற்றிக் கால்மாற்றிக் குதித்தபடி.

மணி அடித்தது. உலகம் இருண்டது. கடைசிப் பிள்ளையையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தவந்த டீச்சர், மண்டியிட்ட தந்தையையும் குதிக்கும் கோட்டையும் கண்டு அருகே வந்து குனிந்தார்.

அக்கணத்தில் பாவாடைப் பருவத்துப் பாவை தலைநிமிர்த்தி, வாய்திறந்து, ஒரு மாதத் தவத்தின் வரத்தை, ஓரெழுத்தும் சிந்தாமல், தெரு முழுதும் எதிரொலிக்க எய்தாள்!

டீச்சர் ஜிப்பைத் தொடக்கூட இல்லை. கோட்டின் விளிம்பைப் பிடித்துத் தலைக்குமேலே ஒரே உருவு. இரண்டு சைஸ் பெரிதல்லவா, வந்துவிட்டது. வெற்றுக் கோட்டைத் தலைவர் கையில் திணித்துவிட்டு மகளின் கையைப் பிடித்தார். இருவரும் ஓடினர். கதவு மூடியது.

மகள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, 'அப்பா' என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீருக்குச் சொல்லவென்று தலைவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த ஆறுதல் மொழிகள் அத்தனையும் ஏவப்படாத கணைகளாய்த் தூணியிலேயே கிடந்தன. ஜிப்போ அவர் கையில் இன்னும் துணியைக் கவ்வியபடி இளித்தது. வெற்றி எட்டுத்திக்கும் முரசறைய, வானோர் பூமாரி பொழிய, கொற்றவரைப் பணிக்களம் ஏற்றிச்செல்லும் தேராகிய பேருந்து எதிரே வந்து கதவு திறந்து காத்து நின்றது.

அப்பா அதில் ஏறாமல், கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியோரமாகப் போய் எட்டிப் பார்த்தார்.