இருட்டுக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது

“சாப்பாட்டு மேசைன்னு ஒண்ணு இருந்தும் மடியில தட்டை வெச்சுக்கிட்டு சாப்பிடற குடும்பம் இந்தத் தெருவுலயே நம்மதுதான்.”

மனைவி இதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாள் என்று எண்ணுவதைக் கணவர் விட்டு நாளாயிற்று. இத்தனைக்கும் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர்.

மேசை முழுக்க அவர் கண்டுபிடித்த விளையாட்டு. அட்டையில் வெட்டி ஒட்டிய குட்டி வீடு. அவர்கள் வீடேதான், சமையலறை ஜன்னலின் கிழிந்த கொசுவலை உட்பட. ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. எதிரி, இருட்டு. அது அறை அறையாக நுழையும். மற்றவர்கள் கூடிக் கதவுகளைச் சாத்தி அதை வாசலுக்கு வெளியே தள்ள வேண்டும்.

“இன்னிக்கு ஆடிப் பாத்துடலாம். ஜெயிச்சா மேசை உங்களுது. தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. நான்தான் இருட்டு.”

“பொருத்தமாத்தான் இருக்கு,” என்றாள் மனைவி. “எப்படித் தோப்போம்?”

“உங்கள்ல ஒருத்தர் வாயைத் திறந்தாலும் தோல்வி. இருட்டு பேசலாம். அதுக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது.”

அவருடைய மொத்த நம்பிக்கையும் அந்த விதியின் மேல்தான். இவளாவது, வாயை மூடுவதாவது. தூக்கத்தில்கூடப் பால்காரரோடு சண்டை போடுகிறவள்.

“ஆட்டம் எப்ப முடியும் அத்தான்?” என்றான், சும்மா வந்து மாட்டிக்கொண்ட மச்சினன்.

“மேசை யாருதுன்னு முடிவானா.”

மனைவி, மகள், மச்சினன் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“அடுப்புல ஏதோ கருகுதே,” என்றார். யாரும் திரும்பவில்லை. “உன் தம்பிக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் ஆகாது,” என்றார். மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. ஆனால் ஒரு கை கதவைச் சாத்தும்போதே இன்னொரு கை அடுத்த கதவில் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் பேச்சுக்குப் பயந்தவருக்கு, அது நின்றால் வீட்டில் என்னவெல்லாம் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. குழாய் சொட்டியது. எங்கோ மரம் முனகியது.

இருட்டின் கறுப்புக் காய் அட்டை வீட்டு வாசலுக்கு வெளியே நின்றது.

தோற்றாயிற்று. ஆனால் கணக்கு எழுதுகிறவர் அல்லவா. “இது சும்மா ஒத்திகைதான். செல்லாது. மேசை விஷயம் இன்னும் முடிவாகலை.”

யாரும் சண்டைக்கு வரவில்லை. மூவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

மகள் படுக்கையறை விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். மச்சினன் சமையலறையை. அட்டை வீட்டில் சாத்திய அதே வரிசை.

“போதும்பா, விளையாடாதீங்க,” என்று சிரித்தார். சிரிப்பு தனியாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. கூடத்து விளக்கும் போயிற்று. மூன்று உருவங்கள் அவசரமே இல்லாமல் அவரை நோக்கி வந்தன. எது மனைவி என்று தெரியவில்லை. ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி. காலில் செருப்பு இடறியபோதுதான் வாசற்படியைத் தாண்டிவிட்டது புரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு விளக்கு. அட்டை வீடு தரைக்கு இறங்கியிருந்தது. மேசையில் மூன்று தட்டு. மனைவி உதடு அசையாமல் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியில் தட்டினார்.

“பாதி மேசை போதும் எனக்கு. சரி, கால் மேசை. ஒரு வார்த்தை பேசேன். திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை.”