ப்ளக்கைப் பிடுங்கினீங்களா?

மனைவி ஊருக்குப் போன இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம், நசீர் அகமது ஒரு பொய் சொல்வதென்று முடிவு செய்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் இது முதல் பொய் அல்ல. மாட்டிக்கொள்ளாத முதல் பொய்யாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

மகள் ரூக்ஸாரின் இரண்டாவது பிரசவத்துக்காக அவர் மனைவி ரஹமத் வாணியம்பாடி போயிருந்தாள். நாற்பது நாள் கழித்துத்தான் வருவாள். திருவண்ணாமலை வீடு ஊமையாகிவிட்டது. முன்னறையில் மிக்ஸி, ஓவன் ரிப்பேர் பார்ப்பவள் அவள்தான். இப்போது ஸ்க்ரூடிரைவர் சத்தம் இல்லை. மிக்ஸியைக் கருக்கிக்கொண்டு வருகிறவர்களை அவள் திட்டும் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் சுவர்க் கடிகாரமும் நின்றுபோனது. துண்டுக்கடை வைத்திருக்கும் நசீருக்கு பேட்டரி எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியாது. சமையலறை மைக்ரோவேவ் ஓவனில் ஒளிரும் பச்சை எண்கள்தான் அன்றிலிருந்து அவருக்குக் கடிகாரம். அது எட்டு காட்டினால் சமையலறை வாசலில் இருக்கும் லேண்ட்லைனுக்கு ரஹமத்தின் போன் வரும்; செல்போன் அவர் வைத்துக்கொண்டதே இல்லை.

'சீக்கிரம் வந்துடு' என்று சொல்லியிருக்கலாம். மலையைப் புரட்டச் சொன்னால் புரட்டுவார். அந்த இரண்டு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது.

அன்று அவரே முந்திக்கொண்டார்.

"ரஹமத், உன் ஓவன் செத்துப்போச்சு. நானே கழட்டிப் பார்க்கலாம்னு இருக்கேன்."

அந்தப் பக்கம் தொட்டில் ஆடும் சத்தம் நின்றது.

"ஏங்க, கை வெச்சிடாதீங்க! உள்ள கெபாசிட்டர் இருக்கு. ப்ளக்கைப் பிடுங்கினாலும் கரன்ட் உள்ளயே தங்கி நிக்கும். ஆளையே தூக்கி அடிச்சிடும்."

"அதெல்லாம் பார்த்துக்கறேன். ஸ்க்ரூடிரைவர் கையிலதான் இருக்கு."

கையில் இருந்தது தேங்காய் பன்.

"கீழ வைங்க அதை! பல்பு மாட்டச் சொன்னா ஹோல்டரையே பிடுங்கின ஆளு நீங்க. நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வந்துடறேன்."

நசீரின் நெஞ்சு துள்ளியது. நாளைக்கு! மீன் வாங்க வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும்.

"அதுவரைக்கும் நான் சொல்றபடி செய்யுங்க. ப்ளக்கைப் பிடுங்கினீங்களா?"

"பிடுங்கிட்டேன்."

"மோதிரம், வாட்ச்?"

"மோதிரத்தைக் கழட்டிட்டேன். வாட்ச் நான் எங்க கட்றேன்?"

"மேல்மூடியில ஒரு ஸ்க்ரூவைக்கூட..."

"தொடலை ரஹமத், தொடலை."

"சரி, மணி என்ன ஆகுது? குழந்தைக்கு மருந்து கொடுக்கணும்."

"ஏழு நாப்பத்திரண்டு!" என்றார், கேட்டு முடிப்பதற்குள்.

அந்தப் பக்கம் தொட்டில் மறுபடி ஆடத் தொடங்கியது.

"சுவத்துக் கடிகாரம் நின்னுபோச்சுன்னீங்களே. மணி எதுல பார்த்தீங்க?"

நசீர் ஓவனைப் பார்த்தார். ஓவன் ஏழு நாற்பத்துமூன்று என்றது.

"ஏங்க, ப்ளக்கைப் பிடுங்கின ஓவன் மணி காட்டுதா? இத்தனை வருஷத்துல நான் அப்படி ஒண்ணைப் பார்த்ததில்லையே."

"அது... கரன்ட் உள்ளயே தங்கி நிக்கும்னு நீதானே சொன்னே?"

ரஹமத் சிரித்தாள். மூச்சு வாங்க, விட்டுவிட்டுச் சிரித்தாள். நசீர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் போலிருந்தது.

"அப்ப ஓவன் நல்லாத்தான் இருக்கு. உங்க சாப்பாட்டுக்குக் கவலை இல்லை," என்றாள். "நாப்பது நாளுக்கு மேல இன்னும் அஞ்சு நாள் சேர்த்து இருந்துட்டுப் போன்னு ரூக்ஸார் காலையிலேர்ந்து கெஞ்சறா. சரின்னு சொல்லிடறேன்."