மச்சான் தந்த வெள்ளை ரேடியோ

வாயால் பதில் சொல்ல வராதவன் கையால் எதையாவது செய்து மாட்டிக்கொள்வான். நான் அந்த வகை.

என் மனைவி சாந்தியின் அண்ணன் தெலுக் இந்தானில் இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வெள்ளை ரேடியோ வாங்கித் தந்தார். தோட்ட வேலையை விட்டு ஈப்போ நகரத்துக்குக் குடிவந்த பிறகும் அது நன்றாகவே பாடுகிறது. நிறம்தான் பழுத்த வாழைப்பழத் தோலாகிவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி மச்சான் வருவார், முறுக்கைக் கடிப்பார், ரேடியோவைப் பார்ப்பார்.

"என்னா மாப்ள, குளிப்பாட்டவே மாட்டியா? வெள்ளையாத்தானே குடுத்தேன் லா."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணி கொண்டுவருகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விடுவேன். (யாரும் தேத்தண்ணி கேட்டிருக்க மாட்டார்கள்.)

போன வருஷம் அவர் வாயை அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். முடியை வெளுக்கிற கிரீமைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி வெயிலில் வைத்தால் மஞ்சளான பிளாஸ்டிக் வெள்ளையாகுமாம். கைப்பேசியில் ஒருவன் செய்து காட்டினான். சலூன் அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"யாருக்குண்ணே, மகளுக்கா?"

"ரேடியோவுக்கு."

அக்கா டப்பாவை நீட்டிவிட்டு, "வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்றார்.

ரேடியோவின் முன்பக்க மூடியைக் கழற்றியபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆயுத பூசைக்கு சாந்தி மோட்டார் சைக்கிள், மிக்சி என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்பாள். ரேடியோவுக்குக் கெட்டிச் சந்தனத்தில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். அழித்தால் சாமி குத்தம். (சாமியாவது மன்னித்துவிடும்.) அதனால் அந்த இடத்தைத் தொடாமல், சுற்றிலும் மட்டும் கிரீமைப் பூசினேன். சிலைக்குக் கண் திறக்கிற சிற்பிகூட அவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டான்.

வெயில் நன்றாகவே காய்ந்தது. சாயங்காலம் மூடியைக் குழாயடியில் கழுவினேன். சந்தனமும் குங்குமமும் தண்ணீரோடு தாமாகவே போய்விட்டன. மூடி பளீரென்று வெள்ளை. நடுவில் மட்டும் அச்சடித்த மாதிரி மூன்று மஞ்சள் பட்டை, ஒரு வட்டப் பொட்டு.

மறுபடி பூசலாம் என்றால் கிரீமும் தீர்ந்துவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. தீபாவளிவரை விடவில்லை.

அன்று ரேடியோவைத் துண்டால் மூடி வைத்திருந்தேன்.

"இதுக்கு என்னா மாப்ள, குளிர் காய்ச்சலா?" என்று மச்சான் துண்டை உருவினார்.

உருவியவர் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

மச்சான் மெதுவாகக் கைகூப்பினார்.

"மாப்ள, வீட்டுல கற்பூரம் இருக்கா?"

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. நான் பூசாரி. இந்த வருஷ ஆயுத பூசைக்கு சாந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ரேடியோவை மட்டும் தாண்டிப் போனாள். "அதுக்குத்தான் இருக்கே."

தீபாவளிக்கு மச்சான் வந்தார், முறுக்கைக் கடித்தார், ரேடியோவைப் பார்த்தார். நான் வழக்கம்போல் தேத்தண்ணிக்கு எழுந்தேன்.

"அப்படியே துன்னூறும் எடுத்துட்டு வா, பூசாரி."