ஒரு பூஜ்யத்தைக் காப்பாற்றிய வரலாறு

குற்றங்களை ஒழிக்க உலகில் ஆயிரம் வழிகள் இருக்கலாம். அவற்றில் தலைசிறந்ததைக் கண்டுபிடித்தது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கும் எங்கள் கல்லூரிதான். புகாரை வாங்கவே கூடாது. அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளாக எங்களிடம் வந்த பாலியல் புகார்கள் பூஜ்யம்.

இந்தப் பெருமை முழுவதும் சட்ட ஆலோசகர் அரங்கநாதனையே சேரும். விழுப்புரத்திலிருந்து மாதம் ஒருமுறை காரில் வருவார். தட்டு நிறைய அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வைப்போம். அவர் உரித்துக்கொண்டே பெண்களைப் பாதுகாப்பார்.

"விசாரணைக் குழுவுக்கு ஒரு சீனியர் மேடம் தலைவரா இருக்கணும்னு சட்டம் சொல்லுது. நம்ம சித்ரா மேடமே இருக்கட்டும்."

"அவங்க மாசிலாமணி சாரோட வீட்டுக்காரம்மாங்களே?" என்றார் முதல்வர். மாசிலாமணி எங்கள் வணிகவியல் துறைத் தலைவர்.

"அதனாலதான் சொல்றேன். வீட்லயே விசாரிச்சிக்கலாம். காலேஜ் டைம் வேஸ்ட் ஆவாது."

"பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு வேற போட்டிருக்குதுங்களே?"

"பார்க்கவே கூடாது! ஆம்பள, பொம்பள, ஜாதி, மதம் எதுவும் பார்க்காம எல்லார் புகாரையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பணும்."

இந்த உயர்ந்த நோக்கத்தோடு அவர் நாற்பத்திரண்டு பக்கத்தில் விதிமுறை எழுதினார். அதில் இரண்டு விதிகள் தபால் பிரிவு எழுத்தர் விருத்தாசலமாகிய எனக்கானவை. விதி 17: எந்த மனுவும் துறைத் தலைவரின் கையெழுத்தோடு வந்தால்தான் முத்திரையும் உள்வரவு எண்ணும் உண்டு. எண் இல்லாத காகிதம் எங்கள் கல்லூரியில் பிறக்காத காகிதம். விதி 31: டி.சி. கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு மட்டும் யார் கையெழுத்தும் வேண்டாம். இணைப்பு உட்பட எல்லாத் தாளிலும் உடனே முத்திரை குத்தி, நகலும் தர வேண்டும்.

"போறவங்களைத் தடுக்கக் கூடாதுங்க. கதவை அகலமாத் தொறந்து வெச்சிடணும்" என்று விளக்கினார் வக்கீல்.

ஆறாம் ஆண்டில்தான் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் இரண்டாமாண்டு மாணவி அஸ்ஃபியா, நான்கு தாள்களோடு என் ஜன்னலுக்கு வந்தாள். முழுதாகப் படித்தேன். இன்டர்னல் மார்க் வேண்டுமானால் தனியாக அறைக்கு வா என்று மாசிலாமணி கூப்பிட்டது, போனவளின் கையைப் பிடித்தது, உதறிவிட்டு வந்ததற்காக மார்க்கைக் குறைத்தது, எல்லாம் தேதியோடு இருந்தன. வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"துறைத் தலைவர் கையெழுத்து இருக்குதா?"

"துறைத் தலைவர் மேலதாங்க புகாரே."

"அப்ப விஷயம் அவருக்கு நல்லாத் தெரியும். கையெழுத்துப் போடறதுல இன்னா கஷ்டம்?"

சட்ட ஞானம் என்றால் இது. திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் அதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அதையும் படித்தேன். திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை அவளுடைய அம்மா மஹபூப் பீவியும் கூட வந்தார்.

"இவ ஒழுங்கா சோறு துன்னு ரெண்டு மாசம் ஆவுதுண்ணே. துபாய்லேர்ந்து இவங்க அத்தா டெய்லி போன் பண்ணி, இன்னாச்சி இன்னாச்சின்னு கேட்டுக்கினே இருக்காரு. ஒரு சீலு போட்டுக் குடுங்கண்ணே."

"சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணுமாம் சார்," என்றாள் அஸ்ஃபியா. "இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"தெரியும்மா. ஆனா விதி பதினேழு இருக்குதே" என்றேன். அந்தத் தாள்களையும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் சொன்னேன். மஹபூப் பீவி மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே ஆண்டு விழா. ஆறாண்டுப் பூஜ்யத்துக்காக முதல்வருக்குச் சால்வை போர்த்தினார்கள். 'விதி 17-ஐ வழுவாது காத்தமைக்காக' எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம். கைதட்டலில் மாசிலாமணியின் கைகள்தான் முந்தின.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அஸ்ஃபியா தனியாக வந்து டி.சி. விண்ணப்பம் வாங்கினாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. பூர்த்தி செய்து நீட்டினாள். 'விலகும் காரணம்' என்ற இடத்தில், 'தனித்தாள்கள் இணைக்கப்பட்டுள்ளன' என்று எழுதியிருந்தாள். போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எங்கள் ஆபீசில் யாரும் படித்ததில்லை. ஐந்து தாளிலும் குத்தினேன். உள்வரவு எண் 418. நகலிலும் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"எவ்ளோ ஜல்தியா முடிஞ்சிது பார்த்தியா?"

"ஆமாங்க சார். இது இவ்ளோ ஈஸின்னு எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிது."

மறுநாள் வந்து டி.சி. விண்ணப்பத்தை மட்டும் வாபஸ் வாங்கினாள். இணைத்த தாள்களை வாங்கவில்லை. பத்தாம் நாள் விழுப்புரம் கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது: 'உள்வரவு எண் 418-இல் தாங்கள் பெற்றுக்கொண்ட பாலியல் புகாரின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?'

அவசரக் கூட்டம். மல்லாட்டை அப்படியே ஆறிக்கிடந்தது.

"எவன்யா சீல் போட்டது?" என்றார் வக்கீல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீல் ஒரு வெள்ளைத்தாளை என்னிடம் தள்ளினார். "பேஜாரே இல்ல. படிக்காம போட்டுட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க. கவனக்குறைவு உங்களுது, காலேஜுக்குச் சம்பந்தமில்லன்னு நான் முடிச்சிடறேன்."

அவர் ஆலோசனையை நான் என்றுமே மீறியதில்லை. அப்படியே எழுதினேன். எழுதியதற்கு என் கையாலேயே முத்திரை குத்தி, எண் போட்டு, நகலை நேராகக் கலெக்டர் ஆபீசுக்கே அனுப்பிவிட்டேன்:

'ஐயா, மேற்படி தாள்களை நான் படிக்காமல் முத்திரை குத்தியது உண்மை. அதற்கு முன் மூன்று முறை வரி விடாமல் படித்தேன். படித்த மூன்று முறையும் முத்திரை குத்தவில்லை. அதற்காகக் கல்லூரி எனக்கு வழங்கிய பாராட்டுப் பத்திரத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.'