தொண்ணூற்றிரண்டு வீதம் ஆதிமனிதன்

எனக்கு ஒரு பிறவி வியாதி உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் வாயில் வராது. முன்பின் தெரியாத ஊரில் யாராவது ஸ்டேஷனுக்கு வழி கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். (நான் அனுப்பி வைத்தவர்களில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருக்கக்கூடும்.) வியாதி முற்றியிருந்த நேரம் பார்த்து என் கைக்கு ஒரு புதுப் போனும் வந்து சேர்ந்தது. என் மனைவி ஜெசிந்தாவின் சமையலறைக்கு, எங்கள் பேச்சில் குசினிக்கு, பிடித்த சனி அதுதான்.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் குசினிக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போய்த்தான் மூச்சு விட வேண்டும். அந்த வருடம் நத்தார் (கிறிஸ்மஸ்) விருந்து எங்கள் வீட்டில். ஜெசிந்தாவின் குடும்பம் முழுக்க வருகிறது. அதற்குள் குசினியைப் பின்பக்கமாக நீட்டிக் கட்டுவதென்று முடிவெடுத்து, பின்சுவரையும் இடித்தாயிற்று. கட்டட வேலை செய்யும் பீற்றர் அண்ணை அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் கொங்கிறீட் லொறி வர இருந்தது.

அத்திவாரத்துக்கு வெட்டிய அந்தக் கிடங்குக்குள்தான் அது கிடந்தது. களிமண் அப்பிய, மண்ணிறமாகிப்போன ஒரு தாடைத் துண்டு. அதில் இரண்டு பல்.

என் போனில் ஒரு செயலி இருந்தது. எலும்பைப் படம் எடுத்துக் காட்டினால் எந்த ஆதிமனிதனுடையது என்று சொல்லும். காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வீதம் ஆதிமனிதனின் கீழ்த்தாடை என்றது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“பீற்றர் அண்ணை, நிப்பாட்டுங்கோ! இதுக்குள்ள ஆதிமனிசன் கிடக்கிறான்!”

“தம்பி, நான் நிப்பாட்டினால் வேற வேலைக்குப் போயிடுவன். பிறகு தை மாசம்தான் வர ஏலும்.”

“சரித்திரத்துக்காகப் போங்கோ,” என்றேன். (இந்த வசனத்தை நான் சொன்னதாக ஜெசிந்தா சத்தியம் செய்கிறாள். சொல்லியிருப்பேன்.) பீற்றர் அண்ணை சரித்திரத்துக்காக லொறியையும் வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு குளியலறை கட்டப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எல்லாருக்கும் போனை நீட்டினேன். பங்குச் சுவாமி எட்டிப் பார்த்து, “ஆரப்பா இது, ஆதாமோ?” என்றார். “அதுக்கும் முந்தி, சுவாமி,” என்றேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அது பாராட்டு என்று நினைத்து நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அன்று பின்னேரம் ஜெசிந்தாவின் தங்கை நிர்மலா வந்தாள். பல்கலைக்கழகத்தில் பரிணாமம் பற்றி ஆராய்பவள். இது ஆதிமனிதன்தான் எனச் சான்று எழுதி அவளே கையொப்பம் போடப்போகிறாள் என்று நம்பி, செய்தியாளர்களுக்காக நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதை இன்றைக்கும் மறக்கமாட்டேன். தாடையைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கினாள்.

“அத்தான், இது ஆடு எண்டு நினைக்கிறன். ஆனா நான் பிழையாவும் இருக்கலாம். கழுவ முதலே சொல்லுறன். பல்லில பிறை மாதிரி வரி இருந்தா ஆடு. உருண்டையா மேடு இருந்தா நான் சொன்னது பிழை, நீங்கள் சரி.”

தோற்க வழி வைத்துவிட்டுப் பேசுகிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. கழுவினாள். இரண்டு பல்லிலும் அழகான பிறைகள். தாடையின் ஒரு பக்கம் இறைச்சிக்கடை வாள் வைத்து அறுத்த மாதிரி நேராக இருந்தது.

“ஆனா போன் தொண்ணூற்றிரண்டு வீதம் எண்டு சொல்லிச்சே!”

“எதுக்குள்ள தொண்ணூற்றிரண்டு?” என்று கேட்டபடி போனை வாங்கி, மேசையில் கிடந்த கறிக்கரண்டிக்குப் பிடித்தாள். ஆதிமனிதனின் தோள் எலும்பு, எழுபது வீதம். பிறகு என் முகத்துக்குப் பிடித்தாள். நியண்டர்தால், எண்பத்தொரு வீதம்.

“இது கூடாத சாமான் இல்லை அத்தான். எங்கட லாப்பிலயும் இப்பிடி ஒண்டு வைச்சிருக்கிறம், என்னைவிடக் கூர்மையாப் பாக்கும். ஆனா இதுக்கு ஆதிமனிசரை மட்டும்தான் காட்டிப் பழக்கியிருக்கினம். ஆட்டைக் காட்டேல்லை. தெரியாது எண்டு சொல்லவும் பழக்கேல்லை.”

“இவரை மாதிரியே,” என்றாள் ஜெசிந்தா. பிறகு இடிந்த சுவர் வழியாகக் கிடங்கை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“இஞ்சருங்கோ. இது உங்கட முந்திரிகை நிண்ட இடமெல்லோ?”

முந்திரிகை என்றால் எங்கள் ஊரில் திராட்சை. அதன் அடியில் மண்ணுக்குள் ஆட்டெலும்பு தாட்டால் குலை குலையாகக் காய்க்கும் என்பது யாழ்ப்பாணத்தாரின் அசைக்கமுடியாத விஞ்ஞானம். ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் தலைக்கறி தின்று, மிச்சத்தை என் கையாலேயே அங்கே தாட்டேன். (கொடி ஒரு பழமும் தராமல் செத்தது வேறு கதை.)

“அப்ப வெள்ளாடுதான்!” என்றேன், விட்ட மானத்தில் கொஞ்சமாவது பிடிக்க. “நானே வாங்கினது.”

“வெள்ளாடோ செம்மறியோ எண்டு இந்தத் துண்டை வைச்சு எனக்குச் சொல்ல ஏலாது,” என்றாள் நிர்மலா. “கடைக்காரர் சொன்னதை வைச்சு உங்களுக்கும் ஏலாது.”

எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். இவ்வளவு படித்தவள் தெரியாது என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

நத்தார் விருந்து பின்சுவர் இல்லாத வீட்டில் நடந்தது. பொலித்தீன் படபடக்க, எல்லாரும் கோட்டோடு இருந்து சாப்பிட்டோம். கறிச் சட்டி சுற்றி வந்தபோது என் மச்சான் மூடியைத் திறந்து பார்த்து, “எத்தினை வீதம் ஆடு?” என்றான். அன்று தொடங்கியது. நான் மழை வராது என்றாலும், பஸ் வரும் என்றாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: “எத்தினை வீதம்?”

குசினி மாசி மாசம்தான் முடிந்தது. புதுக் குசினியில் முதல் தேத்தண்ணி குடித்தபடி, பயந்து பயந்து ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

“என்னைக் கட்டினது பிழையெண்டு நினைக்கிறீரோ?”

அவள் அவசரப்படவில்லை. தங்கையைப் போலவே நிதானமாக யோசித்தாள்.

“இன்னும் முடிவெடுக்கேல்லை,” என்றாள், என் கோப்பையில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டே. “ஆதாரம் பாத்துக்கொண்டிருக்கிறன்.”