பிழையில்லாத வரைபடம்

கதவே இல்லாத கழிப்பறை ஒன்றை வரைந்து அனுப்பியிருந்தார் ரப்பர். கம்ப்யூட்டர் திரையில் பார்க்க அது லட்சணமாகத்தான் இருந்தது. வாஷ்பேசின், கண்ணாடி, துண்டு மாட்டும் கம்பி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உள்ளே போகத்தான் வழியில்லை. கொத்தனார் படத்தில் இருந்தபடியே நாலு பக்கமும் தோள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டு, தான் உள்ளே நிற்பதை அப்போதுதான் கவனித்து, அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தார்.

ரப்பர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். காகிதத்தில் வரைந்த காலத்தில் அவர் வரைந்ததைவிட அழித்தது அதிகம். கட்டடங்களின் உள்பகுதியை மாற்றி அமைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது, அவர் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு கோடு போட ஆரம்பித்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ரிவர்ஸில் வரும். அது எதிலும் இடிக்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால், கோடு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது மறந்துபோயிருக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கூடவே பயமும் வளர்ந்திருந்தது. தப்பு வந்துவிடுமோ என்று பயம். வந்தபின் வேலை போய்விடுமோ என்று பயம். ஒன்றும் நடக்காத நாளில், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று பயம்.

கழிப்பறை விஷயத்தில் முதலாளி கத்தவில்லை. "பாத்து பண்ணுங்க சார்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் ரப்பர் அன்று தூங்கியிருப்பார்.

பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் வேலை செய்த அவர் மனைவிதான் விசாரித்து, மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டார். பாதிக் கேள்விகளுக்கு ரப்பர் பதில் சொன்னார், மீதிக்கு மனைவி சொன்னாள். கவனம் நிற்காதது ஒரு சிக்கல், பதற்றம் இன்னொரு சிக்கல், ஒன்று மற்றதை ஏற்றிவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். கவனத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். படபடப்பு கொஞ்சம் கூடலாம், பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொன்னதும் ரப்பர் பயப்பட ஆரம்பித்தார்.

முதல் நாள் மாத்திரை போட்டபோது, மண்டைக்குள் சேர்ந்து அலறிக்கொண்டிருந்த ரேடியோக்களையெல்லாம் யாரோ ஒவ்வொன்றாக நிறுத்தின மாதிரி இருந்தது. மிச்சமிருந்த ஒன்றில் அவருடைய இதயம் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. மாத்திரை கவனத்தைக் கொடுத்துவிட்டது. அதை எதன்மேல் வைப்பது என்பதை அவர் பொறுப்பில் விட்டிருந்தது. அவர் அதை முதலாளி அனுப்பிய ஒரு மெசேஜின்மேல் வைத்தார். 'சரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. இதுவரை முதலாளி முற்றுப்புள்ளி வைத்ததே இல்லை. மதியம்வரை இம்மியும் கவனம் சிதறாமல் அந்தப் புள்ளியை ஆராய்ந்தார்.

டாக்டர் அளவைக் குறைத்தார், காப்பியை நிறுத்தச் சொன்னார். காப்பியை நிறுத்தியதும் தலைவலி வந்தது. தலைவலி எதனால் என்று யோசித்ததில் படபடப்பு வந்தது. பசியும் போயிற்று. மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாடு திறக்காமலே வீடு திரும்ப, அவள் அதைத் தன் கைப்பக்குவத்தின் மீதான விமர்சனமாக எடுத்துக்கொண்டு இரண்டு வேளை பேசவில்லை. அது வேறு பயம்.

டாக்டர் இன்னொரு யோசனையும் சொன்னார். வேலை நேரத்தில் கவனத்தைக் கலைக்கிறதையெல்லாம் விலக்கி வையுங்கள். பயமான நினைப்பு வந்தால், இது வெறும் நினைப்பு, நிஜமில்லை என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். ரப்பர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் என்று பெயரெடுத்தவர். இதை முழுசாகச் செய்தார். மேசையைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டார். போனை டிராயரில் பூட்டினார். ஆபீஸ் மெயில் வந்தால் அடிக்கும் மணியை நிறுத்தினார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த மீட்டிங் வந்தது. எல்லோரையும் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவில் கை வைத்ததும் ரப்பருக்கு நெஞ்சு திமிறியது. நேராகக் கழிப்பறைக்குப் போய், மூடியைப் போட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டார். அடங்கி வெளியே வந்தபோது மீட்டிங் முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் சட்டென்று தரையைப் பார்த்தார்கள். செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட் அக்காவின் கண் சிவந்திருந்தது.

தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று ரப்பருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களப் பத்திப் பேசறதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்றாள் மனைவி. "அவங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?"

டாக்டரும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். இது வெறும் நினைப்பு.

மனசு கேட்காமல் முதலாளியிடமே போய் நின்றார். முதலாளி மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"என் வேலைல ஏதாவது குறை இருக்கா சார்?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல." பேனாக்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "உங்களுக்குன்னு ஒரு வேலை வச்சிருக்கேன். இது மட்டும் முடிச்சுக் குடுங்க. அப்புறம் நிதானமாப் பேசுவோம்."

ஒரு பழைய மாடியை உடற்பயிற்சி சிகிச்சை நிலையமாக மாற்ற வேண்டும். எந்தச் சுவர் இருக்கும், எது போகும், எந்த வரிசையில் போகும் என்று வரைய வேண்டும். எந்தக் கட்டடம் என்று ரப்பர் கேட்டார். அளவெல்லாம் இருக்கிறதே, இடம் எதற்கு என்று சொல்லிவிட்டு முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரப்பர் வரைய உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோடு, தொடங்கிய இடத்திலிருந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூண்களை நிறுத்தினார். இருக்கப்போகும் சுவர்களைக் கெட்டிக்கோட்டிலும் இடிக்க வேண்டியவற்றைப் புள்ளிக்கோட்டிலும் காட்டி, இடிக்கும் வரிசைக்கு எண் போட்டார். அறை அறையாகக் கதவு வைத்தார். கழிப்பறைக்கு முதலில் வைத்தார்.

பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. தன் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் தள்ளிப் போகிறார்கள் என்று தோன்றியது. இது வெறும் நினைப்பு, நிஜமில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த கோட்டைப் போட்டார்.

ஒரு நாள் எஸ்டிமேட் அக்கா வந்து அவர் தோளைத் தொட்டார். ரப்பர் பஞ்சை எடுத்தார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி நீங்க உள்ள வரல..."

மாத்திரை விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று ரப்பருக்கு வியர்த்துவிட்டது. அக்கா கேட்பதற்குமுன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் கொட்டினார். மருந்து, படபடப்பு, டாக்டர், எப்படியாவது இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவும் என்பதுவரை. இப்போதுதான் கொஞ்சம் பிடி கிடைத்திருக்கிறது, பேச்சுக் கொடுத்தால் கலைந்துவிடும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லி, கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருத்தராவது தன்னைப் புரிந்துகொண்டாரே என்று ரப்பர் பஞ்சைத் திரும்பவும் வைத்துக்கொண்டார்.

சாயங்காலங்கள்தான் தாங்க முடியாதவை. மாத்திரையின் வேகம் இறங்கும்போது அவரையும் கூடவே இறக்கியது. வீட்டுக்கு வந்து ஒரு கால் சாக்ஸைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றத் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். மருந்து இல்லாவிட்டால் தப்பு. மருந்து போட்டால் பயம். இரண்டுக்கும் நடுவே ஆள் நிற்க இடமே இல்லை என்று தோன்றும்.

"நான் ரிப்பேர் ஆகற கேஸே இல்லையோ" என்றார் ஒரு நாள்.

மனைவி தரையில் உட்கார்ந்து அந்த இன்னொரு சாக்ஸைக் கழற்றி, அவர் பாதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுவாரம் படம் முடிந்தது. ரப்பர் ஒவ்வொரு கதவாக மனசுக்குள் திறந்து மூடிப் பார்த்தார். எல்லாம் திறந்தன, எதுவும் தூணில் இடிக்கவில்லை. முதலாளி அச்செடுத்து மேசைமேல் விரித்து, வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்ல சார்." முதலாளி வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, காலையில் பேசலாம் என்று சொல்லிவிட்டு, படத்தோடு வேகமாக வெளியே போனார்.

ரப்பர் தன் இடத்துக்கு வந்து காதுப் பஞ்சை எடுத்துப் போட்டார். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இது பயமில்லை, இதற்குப் பெயர் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். மனைவிக்குச் சொல்ல டிராயரிலிருந்து போனை எடுத்தார்.

அப்போது தூசி படிந்த சட்டையோடு ஒரு மேஸ்திரி உள்ளே வந்தார். ஒரு கையில் சாக்குக்கட்டி, மறு கையில் ரப்பரின் படம். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார், ரப்பரின் மேசைக்கு முன்னாலிருந்த சுவரைப் பார்த்தார், அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"நாற்காலியக் கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்றார். "ஆபீஸ மூடிட்டாங்க, எல்லாரும் போயாச்சுன்னு சொன்னாங்களே. படத்துல முதல்ல இடிக்கச் சொல்லி நம்பர் போட்டிருக்கறது இந்தச் சுவரத்தான்."